என்னுடையது இல்லை என்று சொன்ன கோட்டு

1

போன வியாழக்கிழமை சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் கலைச்செல்வி நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்தாள்.

"கடைசிப் பக்கத்துல மட்டும் போடும்மா. மத்தது நான் பாத்துக்கினேன்."

"இன்னா தாளு இது?"

"என் நெக்லஸ மியூசியத்துல வாங்கிக்கிறாங்க. எப்பவும் அங்கயே இருக்கும், கண்ணாடிக்குள்ள. அதோட வெச்சிருக்கற அட்டையில எழுதுனது நிஜந்தான்னு நான் ஒரு கையெழுத்துப் போடணும். அது உன் கதைங்கறதால நீயும் ஒண்ணு போடணும்."

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கையெழுத்து. விசாவுக்கு, பல் டாக்டருக்கு, பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவதற்கு. வந்து ஏழு வருஷமாக மகள் காட்டிய இடத்தில் எல்லாம் தமிழில் போட்டிருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் பேனாவைத் தொட முடியவில்லை.

"கை ஈரமா கீது. அப்பறம் போடறேன்" என்றேன்.

கை காய்ந்துதான் இருந்தது.

ஏன் போட முடியவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் எங்கள் தெருக்காரர்கள் சிலருக்கு இந்தக் கதை வேறு மாதிரி தெரியும். அவர்களுக்கு அப்படிச் சொன்னதும் நான்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

2

என் மகள் நகை செய்கிறவள். அப்படிச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தங்கம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நாவலூரில் கம்பெனி வேலையில் இருந்தவளை அந்தக் கம்பெனிதான் நியூசிலாந்துக்கு அனுப்பியது. வந்த ரெண்டாம் வருஷமே வேலையை விட்டுவிட்டு நகை செய்யப் படிக்கப் போகிறேன் என்று போனில் சொன்னாள். சரி, பட்டறை போடுவாள், நம் கழுத்துக்கும் கடைசிக் காலத்தில் ஒன்று வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே வந்து பார்த்தால் பட்டறையில் குன்றிமணி அளவு தங்கம்கூட இல்லை. பால் புட்டி மூடி, மாத்திரை அட்டை, ரொட்டிப் பையின் வாயில் மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டு, அறுந்த மீன்வலை, ரோட்டில் உடைந்து கிடந்த கார் விளக்கின் சிவப்புச் சில்லு. அதையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மயிர் மாதிரி மெல்லிசான ரம்பத்தால் அறுப்பாள். ஓரத்தை நெருப்பில் காட்டி வழவழப்பாக்கி வெள்ளிக் கம்பியில் கோப்பாள். அழகாக இல்லை என்று சொன்னால் பொய். மாத்திரை அட்டையில் செய்த ஒரு காதணி வெயில் பட்டால் மீன் செதில் மாதிரி மின்னும். ஆனால் அது எதுவாக இருந்தது என்று எனக்குத் தெரியுமே. தெரிந்த பிறகு போட்டுக்கொள்ள மனசு வராது. இங்கே உள்ளவர்கள் தேடி வந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குப்பை வண்டி வரும். ஒரு இரும்புக் கை நீண்டு வந்து தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு மறுபடி வைக்கும். ஓட்டுகிறவருக்கு எங்கள் தெருவிலேயே மூணு வீடு தள்ளி வீடு. சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் கிடைத்தால் எங்களுக்கும் ஒன்று கொடுப்பார். என் பேத்தி மீரா வாசலில் நின்று அவருக்குக் கை ஆட்டுவாள், அவர் ஹாரன் அடிப்பார். எட்டு வயசுப் பெண், தமிழில் 'ஆயா', 'வேணாம்' இரண்டும் நன்றாக வரும். "ஆயா, கம்" என்று என்னையும் கூப்பிடுவாள். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அந்த ஆள் மேலே போட்டிருக்கிற ஆரஞ்சு நிறத்தைப் பார்க்க என்னால் முடியாது.

என் வீட்டுக்காரர் முனுசாமி மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பெருக்கினவர். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

விடிவதற்கு முன்னால் தள்ளுவண்டியோடு போவார். டூரிஸ்டுகள் வருவதற்குள் மணல் சுத்தமாக இருக்க வேண்டும். சில நாள் சட்டைப் பையில் ஏதாவது கொண்டுவருவார். ஒற்றைக் கம்மல், அறுந்த பாசிமணி, வளையல் துண்டு. அதையெல்லாம் கலைச்செல்வி நூலில் கோத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். 'குப்ப நெக்லஸ்' என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அவள் அடித்துவிட்டு வருவாள். நான் பிடுங்கி எறிவேன். அவர் மறுபடியும் கொண்டுவருவார்.

கடைசி நாலு வருஷம் அவருக்கு ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை ஒன்று கொடுத்தார்கள். முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை இருக்கும். அதை அவர் கோட்டு என்பார். "இன்னாமே, என் கோட்டு எங்க?" என்றுதான் பொழுது விடியும். கலைச்செல்வி இந்த நாட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"அத அவுத்து வெச்சிட்டு வாய்யா. கண்றாவியா கீது."

"அவுத்துட்டா கூட்டத்துல என்ன எப்புடிமே கண்டுபுடிப்ப?"

நான் சிரிக்கவில்லை. அவர் கழற்றி மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தார். ஏர்போர்ட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, "அங்க பாரு, நம்ம ஆளுங்கல்லாம் கோட்டோடதான் கீறானுங்க" என்றார். கலைச்செல்வி சிரித்தாள். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அவர் போன பிறகு அந்தக் கோட்டு அவர் தங்கச்சி அஞ்சலையிடம் இருந்தது. அஞ்சலை சதுரங்கப்பட்டினத்தில் வாக்கப்பட்டவள். அவளும் அங்கே தெருப் பெருக்குகிற வேலைதான் செய்கிறாள். அவளுக்கென்று அதே மாதிரி ஒரு கோட்டு உண்டு. அண்ணன் கோட்டைப் போடமாட்டாள், பெட்டியில் வைத்திருந்தாள்.

3

இந்த வருஷம் ஆரம்பத்தில் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பக் கிளம்ப ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது கலைச்செல்வி போனில் கேட்டாள். அப்பா வேலைசெய்த கடற்கரையை வைத்து ஒரு கழுத்து நகை செய்யப் போகிறாளாம். கரையில் ஒதுங்குகிற செருப்பு வார், வலை முடிச்சு, மிதவைக் கட்டை, இதெல்லாம் வேண்டும். முக்கியமாக அப்பாவின் கோட்டு வேண்டும். அதைப் பட்டை பட்டையாக நறுக்கி மடித்து நடுவில் வைப்பாளாம்.

அஞ்சலை தன் ஊர் டச்சுக்காரன் கோட்டைக்குப் பக்கத்துக் கரையில் ஒரு மாதம் பொறுக்கிச் சேர்த்தாள். ஒரு துணிப்பையில் போட்டு வாயைத் தைத்துக் கொடுத்தாள்.

"அண்ணி, எங்கண்ணன் கோட்ட ரெண்டு தபா தொவச்சி கஞ்சி போட்டு வெச்சிருக்கேன். தோள்ல கிழிஞ்சிருந்துது, அத்தயும் தச்சிட்டேன். கொழந்த இன்னாமோ மால பண்ணப் போவுதாமே. பத்தரமா எடுத்துக்கினு போ."

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் சரோஜா என்று ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். கை நிறைய வளையல். மகனைப் பார்க்க வருகிறார். நல்லவர்தான், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குச் சாப்பாட்டு டப்பா மூடியைத் திறந்து கொடுத்தார், போர்வையைப் பிரித்துக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"மாமல்லபுரம்."

"அட, நமக்கு திருப்போரூர் பக்கம். நெலமெல்லாம் அங்கதான் கீது. இப்ப ஊரப்பாக்கத்துல வூடு. மாமல்லபுரத்துல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். தெருப் பேரைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன்.

"வூட்டுக்காரரு?"

"பேரூராட்சியில வேல."

"கிளார்க்கா?"

தலையை ஆட்டினேன்.

"பொண்ணு?"

"நகை செய்றா."

"கடையா? நல்லதாப் போச்சு, என் மருமவளுக்கு ஒரு ஆரம் பாக்கணும். இருவத்திரண்டு கேரட்டா?"

"இருவத்திரண்டுதான்."

"பேரு இன்னா உங்களுக்கு?"

"கீதா."

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று இன்னமும் தெரியவில்லை. என் பேர் குப்பம்மா. எனக்கு முன்னால் பிறந்த ரெண்டும் தங்கவில்லை என்று, பிறந்த அன்றைக்கே என்னைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்குக் கொடுத்து வாங்கி, அந்தப் பேரை வைத்தார்கள். குப்பை என்று சொல்லிவிட்டால் எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது கணக்கு. ஊரில் எத்தனையோ பேருக்கு அந்தப் பேர் உண்டு. அதைச் சொல்ல என்ன கூச்சம் என்று நீங்கள் கேட்கலாம். விமானத்தில் அந்த வளையல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

4

இந்த நாட்டுக்குள் மண்ணும் விதையும் பூச்சியும் வரக்கூடாது. அதற்கு ஏர்போர்ட்டில் நாய் வைத்திருக்கிறார்கள். அந்த நாய் வந்து சரோஜாம்மா பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. உள்ளே கறிவேப்பிலை. என் பையை மிஷினில் பார்த்து, செருப்பு வாரில் மணல் இருக்கும் என்று தனியாக எடுத்து வைத்தார்கள். அப்படித்தான் ரெண்டு பேரும் ஒரே இரும்பு மேசை முன்னால் நின்றோம்.

ஆபீசர் சின்ன வயசு. பாஸ்போர்ட்டைப் பார்த்து, "மிஸஸ் குப்பம்மா?" என்றார். நான் சரோஜாம்மா பக்கம் திரும்பவில்லை. கையில் உறை மாட்டிக்கொண்டு, அஞ்சலை தைத்த தையலைப் பார்த்துப் பார்த்து அறுத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார். நீலச் செருப்பு வார், சிவப்புச் செருப்பு வார், வலை முடிச்சு. கடைசியில் கோட்டை எடுத்து உதறி விரித்தார். முதுகுப் பட்டை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னியது.

"அய்ய" என்று சரோஜாம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "குப்ப அள்றவன் சட்ட மாதிரி கீது. யாரோ உங்க பையில குப்பைய வெச்சி அனுப்பிட்டாங்க போல."

"ஆமா. யாரோ" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை வெளியே வந்த பிறகு திரும்பிப் போக வழி இல்லாமல் போய்விட்டது. ஆபீசர் தமிழ் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து, போனை மேசைமேல் வைத்தார். இலங்கைத் தமிழ் பேசுகிற ஒரு பெண்.

"அம்மா, இது உங்கட சாமான்தானே எண்டு கேக்கிறார்."

"என்னுது இல்ல."

"உங்கட பையிலதானே கிடந்தது? பையை நீங்கள்தான் அடுக்கினதெண்டு படிவத்தில கிடக்காம்."

"யாரோ வெச்சிட்டாங்க."

அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். மறுபடி அந்தப் பெண் பேசினாள்.

"பயப்பிடாதேங்கோ. பிழை ஒண்டும் இல்லையாம். மண் பட்டதுகளைக் கழுவிப்போட்டுத் தருவினமாம். சட்டை நல்ல சுத்தமாக் கிடக்கு, அதை இப்பவே கொண்டு போகலாமாம்."

ஆபீசர் கோட்டை மறுபடி மடித்தார். அஞ்சலை மடித்த மாதிரியே, மடிப்பு மேலேயே மடித்து, என் பக்கமாக மேசைமேல் கொஞ்சம் தள்ளி வைத்தார். கை நீட்டினால் எட்டும்.

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வேணாம். எனக்குத் தெரியாது அது இன்னான்னு."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா."

நன்றாக யோசித்துச் சொல் என்கிறாள். நான் யோசித்தேன். அவர் போட்ட கோட்டு என்று தெரிந்துதான், நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"தூக்கிப் போட்ரச் சொல்லும்மா."

ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் போட்டுக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதை எரித்துவிடுவார்களாம். சின்ன வயசில் என்னைக் குப்பை என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். அவர் கோட்டை நான் குப்பை என்று சொல்லித் தொலைத்தேன்.

சரோஜாம்மா தன் மகனுடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்தார், ஆரம் பார்க்க வருகிறேன் என்று. அந்தச் சீட்டை வெளியே போவதற்குள் கிழித்துவிட்டேன்.

5

வெளியே கலைச்செல்வி மீராவோடு நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் வண்டியைப் பார்த்தாள்.

"அப்பா பை எங்கம்மா?"

"புடுங்கிக்கினாங்க" என்றேன்.

வழி முழுக்க யோசித்து வைத்த பொய் இல்லை. வாயில் தானாக வந்தது. கலைச்செல்வி கார் நிறுத்துகிற இடத்தில் ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதாள். அப்பா செத்த அன்றைக்கு விமானம் கிடைக்காமல் முகம் பார்க்க முடியாதவள் அவள். அந்தக் கோட்டைத் தவிர அவளுக்கு அவருடையது என்று ஒன்றும் இல்லை. இதெல்லாம் எனக்கு அந்த மேசை முன்னால் நிற்கும்போதும் தெரியும்.

அவள் சும்மா விடவில்லை. ஏர்போர்ட் ஆபீசுக்கு எழுதிப் போட்டாள். வேண்டாம்டி, விடு என்று எவ்வளவோ சொன்னேன். மூணு வாரம் கழித்துப் பதில் வந்தது. சமையலறையில் நின்று படித்துத் தமிழில் சொன்னாள்.

"நீயாதான் வேணாம்னு குடுத்துட்டியாம். திருப்பிக் குடுக்கறோம்னு சொன்னாங்களாம், நீ என்னுது இல்லன்னு கையெழுத்துப் போட்டியாம். எப்புடி எழுதுறாங்க பாரும்மா. வயசானவ, இங்கிலீசு தெரியாதவ, இன்னா வேணா எழுதலாம்."

நிஜம் கடிதமாக வீட்டுக்கே வந்து நின்றது. அன்றைக்கு ஆமா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அவங்க அப்புடித்தான் எழுதுவாங்க" என்றேன்.

ஏர்போர்ட்டில் சொன்னதைக்கூட, பயத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இதற்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

6

கலைச்செல்வி அந்த நகையைச் செய்து முடித்தாள். கழுத்தைச் சுற்றி எஃகுக் கம்பி. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொக்கிகள். கொக்கிகளில் ஒன்றும் இல்லை. செருப்பு வார் தொங்க வேண்டிய இடம், வலை முடிச்சு தொங்க வேண்டிய இடம், நடுவில் கோட்டுப் பட்டைக்கு அகலமாக ஒரு இடம். எல்லாம் காலி. பக்கத்தில் ஒரு அட்டை. 'என் அப்பா மாமல்லபுரம் கடற்கரையைப் பெருக்கியவர். அவர் உடுத்தியதை எல்லையில் அதிகாரிகள் என் அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அம்மாவே கொடுத்தாள் என்று எழுதினார்கள்.' இப்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

அவள் நகைகளின் கண்காட்சி ஆரம்பித்த நாள் என்னையும் பட்டுப்புடவை கட்டி அழைத்துப்போனாள். அவள் செய்ததிலேயே அதைத்தான் அதிகம் பேர் நின்று பார்த்தார்கள். நின்றவர்கள் என்னிடமும் வந்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சாரி, சாரி என்றார்கள். ஒருத்தி அழுதுவிட்டாள். நான் தலை குனிந்தேன். அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. என் குனிந்த தலையோடு.

மீரா பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள், என் தாத்தா சட்டையை போலீஸ் எடுத்துக்கொண்டது என்று. அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனபோது டீச்சர் கேட்டுக்கு வந்து என் தோளைத் தொட்டார். பேத்தி தாத்தாவைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் நான் சொன்ன பொய்.

அஞ்சலைக்கும் அதே கதைதான் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு. அன்றைக்கு மட்டும் நான் கூப்பிடுவேன். போனை எடுத்ததும், "அண்ணி, அந்த ஆபீசரு இன்னும் உசுரோடவா கீறான்?" என்பாள். "அவன் கை வெளங்காம பூடும் பாரு. எங்கண்ணன் கோட்டு அவனுக்கு எதுக்கு, அவன் பெருக்கப் போறானா?" சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எந்தப் பாவமும் செய்யாத அந்தப் பிள்ளை இந்நேரம் எங்கே நிற்கிறானோ என்று நினைத்துக்கொண்டே சிரிப்பேன்.

இப்படி மூணு மாதம் ஓடியது. அப்புறம்தான் வியாழக்கிழமை அந்தத் தாள் வந்தது. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும்.

7

வெள்ளிக்கிழமை காலை மீரா பள்ளிக்கூடம் போன பிறகு பட்டறைக்குப் போனேன். கலைச்செல்வி எதையோ அறுத்துக்கொண்டிருந்தாள்.

"கலை, அந்தக் கோட்ட யாரும் புடுங்கலடி."

ரம்பம் நின்றது. "இன்னா?"

"எடுத்துக்கினு போன்னுதான் அந்த ஆபீசரு சொன்னாரு. மூணு தபா கேட்டாரு. நான்தான் என்னுது இல்லன்னேன்."

"மண்ணு இருந்துதுன்னு பயந்துட்டியா? ஃபைன் போட்ருவாங்கன்னா?"

அவளே ஒரு வழி காட்டினாள். பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"இல்ல. பக்கத்துல ஒரு பொம்பள நின்னா."

"யாரு?"

"பிளேன்ல வந்தவ. ஊரப்பாக்கம்."

"தெரிஞ்சவளா?"

"இல்ல. அவகிட்ட உங்கப்பாவ கிளார்க்குன்னு சொல்லிட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அந்த லெட்டர உன் முன்னாலதானம்மா படிச்சேன்."

"ஆமா."

"அவங்கள பொய் சொல்றாங்கன்னு செவுத்துல எழுதி மாட்டியிருக்கேன். ஊரே படிச்சுது."

"ஆமா."

"அன்னிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதும் நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எத்தினி தபாம்மா அவர அவுக்க வெப்ப?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். நான் சோறு வடித்து வைத்துவிட்டு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நாளும் அவள் தனியாகப் போட்டுச் சாப்பிட்டாள்.

நடுவில் எல்லாருக்கும் எழுதிவிட்டாள் என்பது மீரா சொல்லித் தெரிந்தது. மியூசியத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். வாங்குவார்களா தெரியாது. ஏர்போர்ட் ஆபீசுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாளாம். மன்னிப்புக் கேட்டது அவள்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வந்து நின்று, "கெளம்பு" என்றாள். காரில் அவள் பேசியது, "சீட் பெல்ட்டப் போடு" என்று ஒன்றுதான். கண்காட்சி வாசலில் நிறுத்தினாள்.

"அட்டைய நீ எடுத்துக்கினு வா. அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். நான் இங்கயே கீறேன்."

இந்த நாட்டில் மகள் இல்லாமல் நான் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லை. உள்ளே போனேன். அட்டைக்கு முன்னால் நரைத்த முடியோடு ஒரு அம்மா நின்று படித்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். அவர் படித்து முடித்து, திரும்பி, என்னைப் பார்த்தார். பேப்பர் படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண் கலங்கி என் கையைப் பிடிக்க வந்தார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அதையெல்லாம் சேர்த்தேன்.

"நோ. ஆபீசர் குட். ஆபீசர் நோ டேக்." அட்டையைக் காட்டினேன். "மை ஹஸ்பண்ட் கோட்டு. ஐ த்ரோ. மீ."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. நீட்டிய கை பாதியில் நின்று, தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. வழி விட்டு நகர்ந்தார். நான் அட்டையைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்தேன். பசை கொஞ்சம் சுவரிலேயே நின்றுவிட்டது, நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அந்த அம்மா வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அந்தக் காலிக் கொக்கிகளை மறுபடி பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவருக்கு அவை எப்படித் தெரிந்தன என்று எனக்குத் தெரியாது.

காரில் அட்டையைக் கொடுத்தேன். கலைச்செல்வி வாங்கி, படிக்காமல், பின்சீட்டில் போட்டாள்.

9

வீட்டுக்கு வந்து, மத்தியானத்துக்கு மேல் அஞ்சலையைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை நேரம்.

"அண்ணி, அந்த ஆபீசரு இன்னும்..."

"அஞ்சல, அவரத் திட்டாதடி. அவரு ஒண்ணும் பண்ணல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, மூணு தரம் கேட்டது, கோட்டை மடித்து என் பக்கம் தள்ளியது, எல்லாம். பக்கத்தில் நின்ற அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அஞ்சலை அப்படிக் கேட்கிறவளே இல்லை.

"நாத்தம் அடிச்சுதா அண்ணி?"

"இல்லடி. சோப்பு வாசனதான் அடிச்சுது."

"ரெண்டு தபா தொவச்சேன்."

"தெரியும்."

"தச்ச எடம் அசிங்கமா தெரிஞ்சுதா?"

"தச்சதே தெரியல. கஞ்சி போட்டு மொடமொடன்னு இருந்துது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

கலைச்செல்வியிடம் சொல்ல முடிந்தது. அவள் படித்தவள், அந்தக் கோட்டைத் தாண்டி வந்தவள். இவளிடம் எப்படிச் சொல்வேன்? நேற்று வரைக்கும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றவள். நாளைக்கும் போட்டுக்கொண்டு போக வேண்டியவள். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொல்லப் போவது அவளைப் பற்றியும்தான்.

ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"வெக்கப்பட்டேன்டி" என்றேன்.

அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது கேட்டது. யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது.

"எனக்கு வேல கீது அண்ணி. வேலைக்குக் கெளம்பணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.